கண்ட்ரோல் ரூம் கேட்ட பெயர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குக் கோர்வையாக எழுத வராது. தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரைக்கும் படித்தேன். அதற்குப் பிறகு நான் எழுதியது பலசரக்கு லிஸ்டும் பட்சணக் கணக்கும்தான். மறதி வேறு. முன்னால் வரவேண்டியது பின்னால் வந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் இருக்கிற இடத்தில் வாயைத் திறக்கவே கூசுகிறவள் நான். இருந்தாலும் ஒருத்தியைப் பற்றிச் சொல்லியாக வேண்டியிருக்கிறது. யார் பெயரையும் எழுதப் போவதில்லை. ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

மலையாளச் சீமையில், கரமனையில் எங்கள் தெரு வீடுகள் எல்லாம் ஒன்றோடு ஒன்று சுவர் ஒட்டியவை. வாசலில் தெரு, கொல்லைக் கதவைத் திறந்தால் ஆற்றுப் பக்கம் போகிற சந்து. என் வீட்டுக்காரர் போனதற்குப் பிறகு நான் மட்டும்தான் இருக்கிறேன். ஒரே பையன், வெளிநாட்டில் குடும்பத்தோடு இருக்கிறான். இடது பக்கத்து வீடு பூட்டிக் கிடக்கிறது. வலது பக்கத்தில் கொரியர் ஆபீஸ். அங்கே நாள் முழுக்க ஆள் வரும் போகும், யாரும் என்னைப் பார்த்துச் சிரிக்க மாட்டார்கள்.

வேலைக்கு ஒருத்தி வந்துகொண்டிருந்தாள். களியிக்காவிளைப் பக்கத்துக்காரி, ஆற்றங்கரையில் வாடகைக்கு இருந்தாள். பாத்திரம் தேய்க்க வந்தவள்தான். தேய்த்து முடித்த பிறகும் அடுக்களை வாசற்படியில் உட்கார்ந்து எதையாவது பேசுவாள். பகலில் என்னிடம் பேசுகிற மனுஷி அவள் ஒருத்திதான்.

அடுத்த தெருவில் ஒரு வீட்டில் குத்துவிளக்குகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்று யாரோ என் பையனுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அவன் அங்கிருந்தபடியே ஒரு செக்யூரிட்டி கம்பெனியைப் பிடித்துவிட்டான். இரண்டு பேர் வந்து வாசல் கதவிலும் கொல்லைக் கதவிலும் வெள்ளையாக ஏதோ ஒட்டினார்கள். பூஜை அறைச் சுவரில் நம்பர் அமுக்குகிற பெட்டி. அவர்களில் மூத்தவன் கையில் போன், அதில் என் பையன் முகம். கம்பெனியின் டியூட்டி என்னென்ன என்று அவன் மலையாளத்தில் படிக்க, பையன் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினான்.

எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். பெட்டி ஆனில் இருக்கும்போது கதவைத் திறந்தால் சைரன் அடிக்கும். உடனே அவர்களுடைய கண்ட்ரோல் ரூமிலிருந்து எனக்கு போன் வரும். நான் பாஸ்வேர்டைச் சொல்ல வேண்டும். சொன்னால் அங்கிருந்தே சைரனை நிறுத்திவிடுவார்கள். சொல்லாவிட்டாலோ தப்பாகச் சொன்னாலோ, உள்ளே திருடன் நிற்கிறான் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். பைக்கில் ஆட்களை அனுப்ப வேண்டும், ஸ்டேஷனுக்குச் சொல்ல வேண்டும், என் பையனைக் கூப்பிட வேண்டும். போனில் பேசுவது எல்லாம் பதிவாகும். மாதத்துக்கு ஒருதரம் அவர்களில் பெரிய ஆபீசர் அதைப் போட்டுக் கேட்டு, ஏதாவது சரியில்லை என்றால் பையனுக்குத் தெரியப்படுத்த வேண்டும்.

"பாஸ்வேர்டு என்ன தெரியுமோம்மா? அப்பா பேரு!" என்றான் பையன். "நீ எதை மறந்தாலும் அதை மறக்க மாட்டியோல்லியோ?"

அந்தப் பெயரை நான் வாயால் சொன்னதே இல்லை. கழுத்தில் தாலி ஏறின நாளிலிருந்து சொன்னதில்லை. எங்கள் வீட்டில் அம்மா சொன்னதில்லை, மாமியார் சொன்னதில்லை. ஆஸ்பத்திரியில் கேட்டால் சீட்டை நீட்டுவேன். கோவிலில் அர்ச்சனைக்குக் கேட்டால் நட்சத்திரத்தைச் சொல்லிவிட்டு, பக்கத்தில் நிற்கிறவர்களைப் பார்ப்பேன். அவருக்கு ஒரு சாமியின் பெயர். அந்தச் சாமியையே நான் வேறு பெயரில்தான் கும்பிடுகிறேன். அவர் போன பிறகும் அப்படித்தான். தாலியைக் கழற்றினார்கள், நாக்கைக் கழற்றவில்லையே.

இந்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்த பையன். ஐம்பது வயசு வரைக்கும் நான் அந்தப் பெயரைச் சொல்லி அவன் காதில் விழுந்ததில்லை. அது அவனுக்குத் தெரியவே இல்லை.

டெஸ்ட் பண்ண வேண்டும் என்று சைரனை அடிக்க விட்டார்கள். போன் வந்தது. பையன் வாங்கிக் கொடுத்த போனில் பச்சையைத் தேய்த்தால் பேசலாம், சிவப்பைத் தேய்த்தால் வைக்கலாம். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. பச்சையைத் தேய்த்தேன். தமிழ் பேசுகிற ஒரு பெண்ணை எனக்கென்று ஏற்பாடு செய்திருந்தார்கள். மலையாளப் பெண்தான், தமிழைத் தட்டுத்தடுமாறிப் பேசினாள்.

"அம்மா, பாஸ்வேர்டு ஒண்ணு சொல்லணும் கேட்டோ."

முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன். மூத்தவனுக்கு அடுத்த வீட்டுக்குப் போகிற அவசரம். "அம்மைக்கு நாணம்" என்று சிரித்து, என் கையிலிருந்து போனை வாங்கி அவனே அந்தப் பெயரைச் சொன்னான். எங்கோ பிறந்த ஒருத்தன், ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல். டெஸ்ட் சரியாகிவிட்டதாக எழுதிக்கொண்டு போய்விட்டார்கள்.

பெட்டி எப்போதும் ஆனில் இருக்க வேண்டும் என்பது மாட்டுப்பெண் போட்ட சட்டம். நான் சாப்பிடுவதற்கு முன் கொல்லையில் காக்காய்க்கு ஒரு பிடி சாதம் வைப்பேன். ஒருநாள் பெட்டியை அணைக்க மறந்து கதவைத் திறந்துவிட்டேன். சைரன் அலறியது. சாதத்துக்காகக் காத்திருந்த காக்காய் பயந்து பறந்துபோயிற்று. அதற்குப் பிறகு அது எங்கள் கொல்லைக்கு வருவதே இல்லை.

போனில் அந்தப் பெண். நான் சொன்னேன், "நான்தான்மா. திருடன் யாரும் இல்லை. காக்காய்க்குச் சாதம் வைக்க வந்தேன்."

"செரி அம்மா. பாஸ்வேர்டு?"

"எங்காத்துக்காரர் பேரு."

"அதே. அதைச் சொல்லணும்."

"உனக்குத்தான் தெரியுமேம்மா. நீ சொல்லு, நான் ஆமாங்கறேன்."

"ஐயோ, நாங்க சொல்லக் கூடாது அம்மா. ரூல் அப்படி. நீங்கதான் சொல்லணும்."

"வேற ஏதாவது வச்சுக்கப்படாதோ? என் நட்சத்திரம் சொல்றேனே?"

"கஸ்டமர் சொன்னாத்தான் மாத்த முடியும். கஸ்டமர் உங்க மகன். நீங்க வீட்டில இருக்கற ஆள், அத்தரை... அவ்வளவுதான்."

அதற்குள் பைக்கில் இரண்டு பேர் வந்து கதவை இடித்தார்கள். ஹெல்மெட்டோடு கூடம், பூஜை அறை, அடுக்களை எல்லாம் நடந்து பார்த்தார்கள். செருப்பைக் கழற்றவில்லை. கழற்றச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பையன் ஆபீஸ் நடுவில் எழுந்து வந்து போனில் கத்தினான்.

"ஒரு வார்த்தைம்மா! ஒரே ஒரு வார்த்தை! அது கூடவா மறந்து போச்சு?"

"மறக்கலைடா."

"பின்னே?"

என்னவென்று சொல்வேன் அவனிடம்? கடைசியில் ஒருவழியாகச் சொன்னேன். அப்புறம் சிரித்தான். மாட்டுப்பெண்ணைக் கூப்பிட்டு அவளிடமும் சொன்னான். ஸ்பீக்கரில் போட்டிருந்தான் போலிருக்கிறது, அவள் குரலும் கேட்டது.

"அப்பா பேரைச் சொல்ல வெட்கமாமா? திருடன் வந்து நின்னா, கத்தறதுக்காவது வெட்கப்படாம இருப்பாளா, கேளுங்கோ."

"மாத்திடேன்டா" என்று கெஞ்சினேன்.

"வேற எதை வச்சாலும் நீ மறந்துடுவே. சொல்லிப் பழகிக்கோ. தினம் கண்ணாடி முன்னாடி நின்னு பத்துத் தடவை சொல்லு. அப்பா ஒண்ணும் எழுந்து வந்து அடிக்க மாட்டார்."

அவர் உயிரோடு இருந்தபோதும் அடித்ததில்லை. அதை நான் சொல்லவில்லை.

வேலைக்காரி இதைக் கேட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஆனால் அவள் சிரித்தது எனக்கு வலிக்கவில்லை.

"இதுக்கா மாமி ஒப்பாரி? நீங்க சொல்லாண்டாம். நான் சொல்லுகேன். எனக்கென்ன, நான் கெட்டினவனா அவரு?"

"உனக்கு எப்படிடீ தெரியும் பேரு?"

"நல்லாருக்கே! தெனமும் தேச்சுக் கழுவுகேன், எல்லாப் பாத்திரத்துலயும் வெட்டி வச்சிருக்கே. வாசிக்கத் தெரியாதுன்னு நெனச்சியளா?"

வாஸ்தவம். கல்யாணத்துக்கு வந்த சொம்பிலிருந்து எவர்சில்வர் தூக்கு வரை எல்லாவற்றிலும் அவர் பெயர்தான் வெட்டியிருந்தது.

அதற்குப் பிறகு சைரன் அடிக்கும்போதெல்லாம் அவள் ஈரக் கையோடு ஓடி வருவாள். போனைப் பிடுங்கி அந்தப் பெயரைக் கணீரென்று சொல்வாள். சைரன் நின்றுவிடும். "பாத்தியளா, உங்க ஆளு நான் கூப்பிட்டா ஒடனே கேக்காரு" என்று என்னைக் கேலி செய்வாள். நானும் சிரித்தேன். அந்த வீட்டில் நான் சிரித்து நாளாகியிருந்தது.

மாதக் கடைசியில் அந்த ஆபீசர் பதிவுகளைப் போட்டுக் கேட்டிருக்கிறார். பாஸ்வேர்டு சொல்வது வேறு ஒருத்தியின் குரல் என்று கண்டுபிடித்துப் பையனுக்குத் தெரியப்படுத்திவிட்டார். அவருடைய டியூட்டி அது.

"வேலைக்காரிக்கா பாஸ்வேர்டைக் குடுத்தே? வீட்டுச் சாவியையும் குடுத்துடேன்!" என்றான் பையன்.

"நான் குடுக்கலைடா, பாத்திரத்துல..."

"அவ இனிமே உள்ள வரப்படாது. கொல்லையில வச்சுத் தேச்சுட்டுப் போகட்டும். இல்லேன்னா நிறுத்திடு."

"அவளையும் நிறுத்திட்டா நான் யாரோடடா பேசுவேன்?"

"டிவி இருக்கே."

அவனிடம் சரி என்றேன். அவள் வந்ததும் கதவைத் திறந்து உள்ளே விட்டேன். அடுக்களை வாசற்படியில் அவள் இல்லாமல் என்னால் ஒரு பகலைக் கழிக்க முடியாது. அவள் வேலை போய்விடக் கூடாதே என்பது ஒன்றுதான் அப்போது என் கவலை. அதைவிடப் பெரிதாக என்ன நடந்துவிடும் என்று இருந்தேன்.

அவன் இரண்டு காரியம் செய்திருந்தான். பெட்டியை அங்கிருந்தே தன் போனில் ஆன் பண்ணுகிற மாதிரி மாற்றிக்கொண்டான். பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டான். மாற்றியதை எனக்கு மெசேஜாக அனுப்பினானாம். பச்சையும் சிவப்பும் மட்டும் தெரிந்தவளுக்கு மெசேஜ்.

அன்றைக்குக் கத்தரிக்காய் கூட்டு கொஞ்சம் மிஞ்சியது. அவளுக்குப் பிடிக்கும் என்று எவர்சில்வர் தூக்கில் போட்டுக் கொடுத்தேன். "பாத்திரத்த நாளைக்குத் தாறேன் மாமி" என்று அவள் கொல்லைக் கதவைத் திறந்தாள். அதற்குச் சற்று முன்னால் அவன் அங்கிருந்து பெட்டியை ஆன் பண்ணியிருக்கிறான். பெட்டி ஒரு கூவு கூவியிருக்கும். குக்கர் சத்தத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் கேட்கவில்லை.

சைரன் அடித்தது. போன் அடித்தது. பச்சையைத் தேய்த்தேன்.

"அம்மா, பாஸ்வேர்டு?"

பழக்கதோஷத்தில் அவள் வாசற்படியிலிருந்தே அந்தப் பெயரைக் கத்தினாள். அந்தப் பெண்ணின் குரல் மாறிப்போயிற்று.

"அது உங்க குரல் இல்லையே. கூட யாரு அம்மா?"

நான் எப்படியாவது சொல்லிவிட வேண்டும் என்று அந்தப் பெயரை நாக்குக்குக் கொண்டுவரப் பார்த்தேன். முதல் எழுத்து வரைக்கும் வந்தது.

போனில் அந்தப் பெண் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள், "யாரெங்கிலும் மிரட்டறாங்களா அம்மா? பேச முடியலைன்னா ஒண்ணும் சொல்லாண்டாம். சும்மா நின்னாப் போதும், நான் மனசிலாக்கிக்கறேன்."

நான் சும்மா நின்றேன். எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதானே.

"மனசிலாச்சு அம்மா. பயப்படாண்டாம். ஆள் வருது."

"இல்லைம்மா! இல்லை! இவ நம்மாத்து வேலைக்காரி!" என்று அலறினேன். சைரன் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அந்தப் பெண் போனை வைத்துவிட்டாள்.

பைக் ஆட்கள் சந்து வழியாக வந்ததும் கண்ட்ரோல் ரூமில் சைரனை நிறுத்தினார்கள். அவள் தூக்கும் கையுமாக நின்றுகொண்டிருந்தாள். ஓடுகிறவளாக இருந்தால் ஓடியிருக்கலாம். தப்பு செய்தவள்தானே ஓடுவாள். ஒருத்தன் கையைப் பிடித்து முறுக்கினான். கண்ணாடி வளையல் உடைந்து மணிக்கட்டில் ரத்தம் வந்தது. இன்னொருத்தன் தூக்கை வாங்கித் திருப்பிப் பார்த்து, வெட்டியிருந்த பெயரைப் படித்தான். அவனுக்குத் தமிழ் படிக்க வந்தது, அதுவும் எங்கள் கெட்ட நேரம்.

"இதாரு? நின்றெ பேரா?"

"எம் பேரு இல்ல. மாமிக்க வீட்டுக்காரரு பேரு."

"அப்போ இது அவருடெ பாத்திரம். நீ எடுத்தோண்டு போற."

"கூட்டு இருக்கு அதுல, தொறந்து பாருங்க! மாமி குடுத்தது!"

திறந்து பார்த்தான். கூட்டைச் சாக்கடையில் கொட்டிவிட்டு, தூக்கைச் சாட்சிக்கென்று வைத்துக்கொண்டான். அவளைச் சாக்கடை ஓரத்திலேயே உட்கார வைத்தார்கள். கொரியர் ஆபீஸ் ஆட்கள் மதில் மேலாகப் போனை நீட்டிப் படம் பிடித்தார்கள். "முகத்தைக் காட்டு சேச்சி" என்று ஒருத்தன் சிரித்தான்.

நான் அவர்களிடம் போய் இவள் திருடி இல்லை என்றேன். பைக் ஆள் என்னைப் பாவமாகப் பார்த்தான். "அம்மை ஒண்ணும் சொல்லாண்டாம். மிரட்டினா அப்படித்தான் சொல்ல வைப்பாங்க. கண்ட்ரோல் ரூம் சொன்னா விட்டுடலாம்." என் பையனிடமும் கேட்டார்கள். தான் தடுத்த பிறகு அவளை நான் உள்ளே விட்டதே இல்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறவன் அவன். "அவளுக்கு வீட்டுக்குள்ள வர பர்மிஷன் இல்லை. போலீஸ் வரட்டும்" என்று சொல்லிவிட்டான்.

ஜீப் வந்தது. அப்போது கண்ட்ரோல் ரூமிலிருந்து மறுபடியும் போன். சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். கண்ணை மூடிக்கொண்டேன். அவள் விம்முகிற சத்தம் பின்னால் கேட்டது. அறுபது வருஷமாக வாயில் வைத்திருந்ததைச் சொன்னேன். முழுப் பெயரையும் சொன்னேன். காது அடைத்துப்போயிற்று.

"அம்மா" என்றாள் அந்தப் பெண். "அது பழசு. மாத்தியாச்சே. உங்க மகன் சொல்லலையா?"

திரும்பிப் பார்த்தபோது சந்தில் ஜீப் இல்லை.

சாயங்காலம் பையன் ஸ்டேஷனுக்கு போன் செய்து, கேஸ் வேண்டாம் என்று பெரிய மனசு பண்ணினான். அவளை விட்டார்கள். என்னோடு போனில் பேசும்போது அவனுக்கு ரொம்பத் திருப்தி. "பாத்தியாம்மா, எவ்வளவு சீக்கிரம் வந்தா! இதான் சர்வீஸ்ங்கறது. அஞ்சு ஸ்டார் குடுத்திருக்கேன்." கம்பெனியில் யாரும் எந்தத் தப்பும் செய்யவில்லை. எல்லாரும் அவரவர் டியூட்டியை ஒழுங்காகச் செய்தார்கள்.

அந்த வீடியோ ஆற்றங்கரை முழுக்கச் சுற்றியது. மற்ற வீடுகளும் அவளை நிறுத்திவிட்டன. நான் ஒருநாள் கேட்டுக் கேட்டு அவள் இருக்கும் வீட்டுக்குப் போனேன். துணிகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். ஊருக்குப் போகிறாளாம். மணிக்கட்டில் கட்டு.

"உக்காருங்க மாமி" என்று ஸ்டூலைப் போட்டாள். அப்புறம் திரும்பிக்கொண்டு மூட்டையை இறுக்கிக் கட்டினாள்.

"எத்தன மட்டம் உங்களுக்காண்டிச் சொன்னேன்? எனக்காண்டி ஒரே ஒரு மட்டம் வாயத் தொறக்கப்படாதா?"

"சொன்னேன்டி. சத்தியமாச் சொன்னேன்."

"நான் கேக்கலியே. ஜீப்புல ஏறுகவரை உங்க முதுகத்தான பாத்துக்கிட்டு இருந்தேன். நீங்க செவுத்தப் பாத்துல்லா நின்னியோ."

எழுந்து வந்துவிட்டேன். அவள் களியிக்காவிளைப் பக்கம் தன் ஊருக்கே போய்விட்டாள். தூக்கு ஸ்டேஷனில் கிடக்கிறது.

புதுப் பாஸ்வேர்டு என்னவென்று அப்புறம் சொன்னார்கள். அங்கே அவர்கள் வளர்க்கிற நாயின் பெயர். இப்போது சைரன் அடித்து போன் வந்தால் டக்கென்று சொல்லிவிடுகிறேன். கூச்சமே இல்லை. "குட் அம்மா" என்கிறாள் அந்தப் பெண். மாட்டுப்பெண்ணுக்கும் சந்தோஷம், மாமியார் தேறிவிட்டாளாம்.

நான் எழுதியதில் முன்பின் பிசகியிருக்கலாம். பைக் ஆட்கள் வந்த பிறகு பையன் போன் வந்ததா, அதற்கு முன்பா என்பதிலெல்லாம் எனக்கு நிச்சயமில்லை. தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்துத் திருத்திவிடுங்கள். அதோடு ஒரு உபகாரம். அந்தக் கம்பெனியில் எல்லாப் பேச்சும் பதிவாகி இருக்கும் என்று சொன்னேன் அல்லவா? நான் கேட்டால் தர மாட்டார்கள், நான் கஸ்டமர் இல்லை. உங்களில் யாருக்காவது அங்கே தெரிந்தவர்கள் இருந்தால், அன்றைய இரண்டாவது போனைப் போட்டுக் கேட்கச் சொல்லுங்கள். நான் அந்தப் பெயரைச் சொன்னது ஜீப் கிளம்புகிற சத்தத்துக்கு முன்பா, பின்பா என்று மட்டும் பார்த்துச் சொன்னால் போதும். முன்பு என்றால் நான் களியிக்காவிளைக்கு பஸ் ஏற வேண்டும்.